52ஆவதாகத் தேர்வான பிறகு சத்னாம் சிங்குக்கு என்ன ஆயிற்று?

“2015இல் பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங் என்.பி.ஏ.வுக்குத் தேர்வானதாகப் பத்திரிகைகள் எல்லாம் கொண்டாடின. அதன் பிறகு அவர் ஏன் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை? இந்தியாவில் கூடைப்பந்தை மட்டும் நம்பி ஒருவர் வாழ முடியுமா?” இதுதான் கேள்வி. முதல் பாதிக்கான விடையைச் சரியாகச் சொன்னால் இரண்டாம் பாதிக்கான விடையும் அதிலேயே பெரும்பாலும் வந்துவிடும். அதனால் சத்னாமிடமிருந்தே தொடங்குகிறேன்.

டிராப்ட் என்பது அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஆண்டு நிகழ்வு. அதில் தேர்வாவது வேறு, அணியில் இடம்பிடிப்பது வேறு. டிராப்டில் இரண்டு சுற்றுகள் உண்டு. மொத்தம் 60 தேர்வுகள். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு ஒப்பந்தமும் ஊதியமும் உறுதி. இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டவருக்கு எந்த உறுதியும் கிடையாது. இவரை ஒப்பந்தம் செய்யும் உரிமை எங்களுக்கே என்று ஓர் அணி பஸ் இருக்கையில் துண்டு போட்டு வைப்பதைப் போன்றதுதான் அது. 2015 ஜூன் 25 அன்று டல்லஸ் மேவரிக்ஸ் அணி சத்னாமை இரண்டாம் சுற்றில், 52ஆவதாக எடுத்தது. இந்தியாவில் பிறந்த ஒருவர் டிராப்டில் எடுக்கப்பட்டது அதுவே முதல் முறை. அந்தப் பெருமை உண்மையானது, அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் நம் ஊடகங்கள் அதைப் பயணம் முடிந்த இடமாகக் காட்டின. அவர் அன்றுதான் வரிசையில் போய் நின்றிருந்தார். (இந்திய வம்சாவளியினர் ஒருவர் என்.பி.ஏ. களத்தில் ஆடியது அதற்குச் சில வாரங்கள் முன்பே நடந்துவிட்டது. அவர் கனடாவில் பிறந்த சிம் புல்லர். 2015 ஏப்ரலில் சாக்ரமென்டோ கிங்ஸ் அணிக்காக இறங்கினார். இருவரையும் குழப்பிக்கொள்பவர்கள் இன்றும் உண்டு.)

சத்னாம் 1995 டிசம்பரில் பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சிறிய கிராமத்தில் பிறந்தார். தந்தை பல்பீர் சிங் விவசாயி. அவரே ஏழடியைத் தாண்டிய உயரம். இளமையில் அவரையும் கூடைப்பந்து ஆடச் சொன்னவர்கள் இருந்தார்கள். ஆனால் நிலத்தைப் பார்க்க ஆள் வேண்டும் என்று வீட்டில் விடவில்லை. தனக்குக் கிடைக்காததை மகனுக்குக் கொடுக்க அவர் முடிவு செய்தார். பத்து வயதை ஒட்டி மகனை லூதியானா கூடைப்பந்து அகாடமியில் சேர்த்தார். நகரின் குருநானக் விளையாட்டரங்கில் இயங்கிய அந்த அகாடமியைப் பற்றிப் பேசும்போது பயிற்சியாளர் சங்கரன் சுப்பிரமணியனைச் சொல்லாமல் கடந்து போவது பெரும் தவறு. சத்னாம் மட்டுமல்ல, இந்திய அணியின் முதுகெலும்பாக ஒரு பத்தாண்டுக் காலம் நின்ற பஞ்சாபின் உயரமான வீரர்களில் பலர் அவருடைய கையில் உருவானவர்கள். சத்னாம் டிராப்டில் எடுக்கப்பட்ட நாளைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை. அவருக்கு உரிய பெயர் நாட்டில் கிடைக்கவில்லை என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

2010இல் ஐ.எம்.ஜி. ரிலையன்ஸ் என்ற விளையாட்டு மேலாண்மை நிறுவனம் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்புடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் ஒரு பகுதியாக எட்டுச் சிறுவர் சிறுமியர் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், பிராடன்டன் நகரில் உள்ள ஐ.எம்.ஜி. அகாடமிக்கு அனுப்பப்பட்டனர். அவர்களில் 14 வயது சத்னாமும் ஒருவர். ஆங்கிலம் ஏறக்குறையத் தெரியாத நிலையில் போனார். உடற்பயிற்சிக் கூடம், ஊட்டச்சத்து நிபுணர், தனிப்பயிற்சி என்று இந்தியாவில் எந்த வீரருக்கும் கிடைக்காத வசதிகள் அங்கே அவருக்குக் கிடைத்தன. இடையில் 2011இல் சீனாவின் வூஹானில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் சீனியர் அணிக்காகவும் ஆடினார். அப்போது அவருக்கு வயது 15.

இங்கேதான் முதல் முடிச்சு விழுந்தது. அமெரிக்காவில் ஒரு பள்ளி வீரர் இயல்பாகச் செல்லும் வழி கல்லூரிக் கூடைப்பந்து. அங்கே ஒரு பருவத்தில் முப்பது ஆட்டங்களுக்கு மேல் கிடைக்கும். ஆயிரக்கணக்கானோர் முன்னால், தொலைக்காட்சி ஒளிபரப்பில், ஒவ்வொரு தவறையும் பயிற்சியாளர் மறுநாள் காணொளியில் நிறுத்திக் காட்டும் சூழலில் ஆட வேண்டியிருக்கும். அந்தக் கல்லூரிகளில் ஆடப் பள்ளிப் பாடங்களில் குறிப்பிட்ட தகுதி தேவை. சத்னாமால் அதை எட்ட முடியவில்லை. பஞ்சாபிக் கிராமப் பள்ளியிலிருந்து நேராக ஆங்கிலப் பள்ளிக்குள் தள்ளப்பட்ட ஒரு சிறுவனை நான் இதற்காகக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளைவு கடுமையானது. கல்லூரியும் இல்லை, வெளிநாட்டுத் தொழில்முறை லீக்கும் இல்லை. அகாடமியிலிருந்து நேராக டிராப்டுக்குப் பெயர் கொடுத்தார். பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும் என்ற விதி 2005இல் வந்த பிறகு, கல்லூரியிலோ தொழில்முறை அணியிலோ ஆடாமலேயே தேர்வான முதல் வீரர் அவர்தான். செய்திகளில் இது சாதனையாக எழுதப்பட்டது. நான் அதைப் பற்றாக்குறையாகவே பார்க்கிறேன். 19 வயதில், ஏழடி இரண்டு அங்குல உயரத்தில், உண்மையான போட்டிச் சூழலில் மிகக் குறைவாகவே ஆடிய ஒருவர் உலகின் மிகக் கடினமான லீக்கின் வாசலில் நின்றார்.

காலமும் அவருக்குச் சாதகமாக இல்லை. அந்த டிராப்டுக்கு ஒன்பது நாட்கள் முன்புதான் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சாம்பியன் பட்டம் வென்றிருந்தது. இறுதித் தொடரில் பின்தங்கியிருந்த அந்த அணி, நான்காவது ஆட்டத்திலிருந்து தன் ஏழடி சென்டர் ஆண்ட்ரூ போகட்டைத் தொடக்க ஐவரிலிருந்து எடுத்துவிட்டு, உயரம் குறைந்த ஆன்ட்ரே இக்குவடாலாவை இறக்கியது. அதன் பிறகு ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. அதைப் பார்த்து லீக் முழுவதும் அந்தப் பாதைக்கு வேகமாகத் திரும்பியது. முன்பெல்லாம் சென்டர் என்றால் கூடைக்கு அடியில் நிற்பார், கூடையில் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பார் (ரீபவுண்ட்), முதுகைக் காட்டி எதிரியைத் தள்ளிக்கொண்டு போய்ப் புள்ளி எடுப்பார். புதிய ஆட்டத்தில் எதிரணியின் ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டு, தன் சக வீரர் குறுக்கே நின்று போடும் தடுப்பைப் (ஸ்கிரீன்) பயன்படுத்திக்கொண்டு மூன்று புள்ளிக் கோட்டருகே வரும்போது, சென்டரும் அங்கே ஓடிவந்து, பக்கவாட்டில் நகர்ந்து அவரைத் தடுக்க வேண்டும். உடனே கூடையடிக்குத் திரும்பவும் வேண்டும். இதை ஓர் ஆட்டத்தில் நாற்பது ஐம்பது முறை செய்ய வேண்டியிருக்கும். சத்னாமுக்கு வலிமை இருந்தது, அந்த உயரத்துக்கு எதிர்பாராத மென்மையான கை இருந்தது. பக்கவாட்டு வேகம் மட்டும் இல்லை. அந்த வேகத்தை முடிந்தவரை ஈடுகட்டக்கூடிய ஒன்று உண்டு: அடுத்து என்ன நடக்கும் என்று அரை நொடி முன்பே உணரும் ஆட்ட அறிவு. அது ஆடி ஆடித்தான் வரும். அவருக்கு ஆட்டங்கள் கிடைக்கவே இல்லை.

டல்லஸ் அவரை, புதியவர்களைச் சோதித்துப் பார்க்கும் கோடைக்கால லீக்கில் ஆடவைத்தது. பிறகு தன் துணை அணியான டெக்சாஸ் லெஜண்ட்ஸுக்கு அனுப்பியது. அது அப்போது டி-லீக் என்றும் இப்போது ஜி-லீக் என்றும் அழைக்கப்படும் வளர்ச்சி லீக்கைச் சேர்ந்த அணி. அணிக்கு ஒரு பருவத்தில் 50 ஆட்டங்கள். அங்கே இரண்டு பருவங்கள் இருந்தும் அவர் பெரும்பாலும் பெஞ்சில்தான் அமர்ந்திருந்தார். களமிறங்கிய ஆட்டங்களில் சராசரியாக இரண்டு புள்ளிகளைக்கூட எட்டவில்லை. பணத்தையும் பாருங்கள். 2015-16இல் என்.பி.ஏ. அணியில் இடம்பெறும் புதியவருக்குக் குறைந்தபட்ச ஊதியம் 5,25,093 டாலர். வளர்ச்சி லீக்கில் நல்ல ஊதியம் பெற்றவருக்கே அதில் இருபதில் ஒரு பங்குதான் கிடைத்தது. என்.பி.ஏ. அணிக்கும் அதன் துணை அணிக்கும் பொதுவாக ஒருவரை வைத்துக்கொள்ளும் இருவழி ஒப்பந்தம் என்ற ஏற்பாடு 2017இல்தான் வந்தது. அது இரண்டு ஆண்டுகள் முன்னதாக வந்திருந்தால் அவருக்குக் கூடுதலாக ஒரு வாய்ப்பு கிடைத்திருக்கலாம் என்று நினைக்கிறேன்.

2017இல் இந்தியா திரும்பி இங்கே நடந்த யு.பி.ஏ. என்ற தொழில்முறை லீக்கில் ஆடினார். 2018இல் கனடாவின் தேசிய கூடைப்பந்து லீக்கில் செயின்ட் ஜான்ஸ் எட்ஜ் அணியில் சேர்ந்தார். வயது 22, உயரமான வீரர்கள் தாமதமாகவே முதிர்ச்சி அடைவார்கள் என்பதால் இன்னும் நேரம் இருந்தது. 2019 நவம்பரில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான இந்திய முகாம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. உடலில் கண்டறியப்பட்டது ஹைஜனமைன் என்ற பொருள். சில தாவரங்களில் இயற்கையாகவே இருப்பது; கொழுப்பைக் குறைக்கவும் ஆற்றலைக் கூட்டவும் விற்கப்படும் சப்ளிமெண்டுகள் பலவற்றில் கலந்திருப்பது. 2020 டிசம்பரில் இரண்டு ஆண்டுத் தடை உறுதியானது. 2019 நவம்பர் முதல் 2021 நவம்பர் வரை, அதாவது 23 வயது முடியும் தருவாயிலிருந்து 25 முடியும் வரை, ஒரு வீரரின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகளை அது விழுங்கிவிட்டது. 2021இல் அமெரிக்காவின் ஏ.இ.டபிள்யூ. மல்யுத்த நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது; 2022 ஏப்ரலில் அதன் தொலைக்காட்சி மேடையில் தோன்றினார். கூடைப்பந்து கைவிட்ட ஒரு மனிதர் தன் உடலைக் கொண்டு நேர்மையாகச் சம்பாதிக்க வேறு வழி கண்டுபிடித்தார். அதைக் கேலி செய்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இனி இரண்டாவது கேள்வி. இந்தியாவில் கூடைப்பந்து வீரர் என்பவர் நடைமுறையில் ஓர் அலுவலகத்தின் ஊழியர். ஓ.என்.ஜி.சி., ரயில்வே, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, வருமான வரித்துறை, ராணுவம், மாநிலக் காவல்துறை, கேரள மின்வாரியம் போன்றவை விளையாட்டு ஒதுக்கீட்டில் வீரர்களை வேலைக்கு எடுத்துத் தங்கள் அணிகளில் ஆடவைக்கின்றன. மாதச் சம்பளம், மருத்துவ வசதி, ஆட்டம் ஓய்ந்த பிறகும் தொடரும் வேலை எல்லாம் உண்டு. முழங்கால் போனாலும் குடும்பம் தெருவுக்கு வராது. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து வந்த எத்தனையோ இளைஞர்களையும் பெண்களையும் இந்த ஏற்பாடுதான் நடுத்தர வாழ்க்கைக்கு உயர்த்தியது. அதை ஏளனமாகப் பேசும் உரிமை யாருக்கும் இல்லை.

ஆனால் இதற்கு ஒரு விலை இருக்கிறது. இந்த அணிகள் ஆடுவது அகில இந்தியப் போட்டிகளில். கோவையில் நடக்கும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை போன்றவை அவற்றில் புகழ்பெற்றவை. அந்த இரவுகளில் மைதானத்தைச் சுற்றி நிற்கும் கூட்டத்துக்கு ஆட்டத்தின் நுணுக்கம் தெரியும், கை தட்ட வேண்டிய இடமும் தெரியும். போட்டி ஒரு வாரம் நடக்கும். அடுத்தடுத்த நாட்களில் ஐந்தாறு ஆட்டங்கள். பிறகு அடுத்த ஊர், அல்லது நீண்ட இடைவெளி. லீக் ஆட்டம் என்பது வேறு: வாரத்துக்கு இரண்டு மூன்று ஆட்டங்கள் வீதம் ஆறேழு மாதங்கள். நம்மிடம் தோற்ற அணியையே மறுபடி சந்திக்க வேண்டும். அவர்கள் நம் பலவீனத்தைப் படித்துவிட்டு வருவார்கள். நாமும் மாற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் வீரர் வளர்கிறார். இந்திய வீரர்களுக்குக் கிடைக்காதது அதுதான். வசதியோ உயரமோ திறமையோ பெரிய பிரச்சினை இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அதற்குச் சான்று வேண்டுமா? 2014 ஜூலையில் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்திய ஆண்கள் அணி சீனாவைச் சீன மண்ணிலேயே 65-58 என்று வென்றது. 2016இல் தெஹ்ரானில் மீண்டும் 70-64. சீனா முழு பலத்துடன் வரவில்லை என்று சிலர் சொல்வார்கள். சரி, ஆனால் எதிரே நின்றவர்கள் தொழில்முறை லீக்கில் ஊறியவர்கள். நம்மவர்கள் அலுவலகத்தில் விடுப்பு வாங்கி முகாமுக்கு வந்தவர்கள். சில மாதங்கள் ஒன்றாக இருந்து, நல்ல பயிற்சியாளரின் கீழ் ஆடியதற்கே அந்தப் பலன் வந்தது.

அந்த அணியின் இதயம் விசேஷ் பிருகுவன்ஷி. வாரணாசிக்காரர். (அந்த ஒரே ஊர்தான் பிரசாந்தி சிங் உள்ளிட்ட சகோதரிகளையும் இந்தியக் கூடைப்பந்துக்குத் தந்தது.) ஓ.என்.ஜி.சி.யில் வேலை, ஆண்டுக்கணக்கில் இந்திய அணியின் தலைமை, 2020இல் அர்ஜுனா விருது. இந்தியாவில் கூடைப்பந்தைத் தொழிலாகக் கொண்டு ஒருவர் எட்டக்கூடிய உயரம் ஏறக்குறைய இதுதான். 2017இல் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு 36ers அணி, அதாவது தேர்ட்டி சிக்ஸர்ஸ், அவரை ஒப்பந்தம் செய்தது. ஆஸ்திரேலிய லீக்கில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர் அவர். ஆனால் அங்கே களத்தில் முதலில் ஆடியது அதே ஆண்டு சிட்னி கிங்ஸ் அணியில் சேர்ந்த அம்ரித்பால் சிங்.

அம்ரித்பாலின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. அமிர்தசரஸ் பக்கத்துக் கிராமம். கபடி ஆடிக்கொண்டிருந்தவர். கூடைப்பந்தைக் கையில் எடுத்ததே பதினெட்டு, பத்தொன்பது வயதில்தான். அப்படித் தொடங்கியவர் இந்திய அணி, ஜப்பான் லீக், பிறகு சிட்னி என்று போய்ச் சேர்ந்தார். சண்டிகரின் அம்ஜோத் சிங்கும் ஜப்பானில் ஆடினார். 2017-18 பருவத்தில் ஜி-லீக்கின் ஓக்லஹோமா சிட்டி ப்ளூ அணியில் இடம் பெற்றார். என்.பி.ஏ. டிராப்டில் இவர்கள் பெயர் வந்ததில்லை. ஆனால் சத்னாமைவிட இருவரும் அதிகம் சாதித்தார்கள் என்பேன். வெளிநாடு போகும் முன்பே பெரியவர்களுக்கு எதிராக அவர்கள் ஆண்டுக்கணக்கில் ஆடியிருந்ததுதான் காரணம்.

பெண்களின் பக்கம் வந்தால், தெற்கு ரயில்வேயின் சென்னை அணியைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கேரளத்தில் பிறந்து அந்த அணியில் வளர்ந்த கீது அன்னா ஜோஸ் 2006 முதல் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் அணிக்காக ஆடினார். 2011இல் அமெரிக்கப் பெண்கள் லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.வின் அணிகள் அவரைச் சோதனைக்கு அழைத்தன. இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாசல் வரை ஒரு இந்திய வீராங்கனை போனார் என்பதை, சத்னாமைக் கொண்டாடிய யாரும் நினைவுபடுத்தவில்லை. சென்னையின் அனிதா பால்துரையும் அதே ரயில்வே அணிதான். இந்திய அணிக்குப் பல ஆண்டுகள் தலைமை தாங்கினார், 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். தாயான பிறகும் களத்துக்குத் திரும்பி ஆடியவர். இவர்கள் ஆடிய காலத்தில் இந்தியாவில் பெண்களுக்கு நிலையான தொழில்முறை லீக் என்று ஒன்று இருந்ததே இல்லை.

லீக் தொடங்கும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. யு.பி.ஏ. 2015இல் தொடங்கியது, சென்னைக்கும் ஓர் அணி இருந்தது. 2017க்குப் பிறகு நின்றுபோனது. 2022இல் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பே ஐ.என்.பி.எல். என்ற லீக்கைத் தொடங்கியது. இவற்றில் ஆடிய வீரர்கள் பலரும் அலுவலக வேலையை விடாமல்தான் ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த ஆண்டு லீக் நடக்குமா என்பதே தெரியாதபோது யார் வேலையை விடுவார்?

சத்னாமுக்குப் பிறகு அதிகம் எதிர்பார்க்கப்பட்டவர் பிரின்ஸ்பால் சிங். குர்தாஸ்பூர் மாவட்டம், அதே லூதியானா அகாடமி, பிறகு 2017இல் கிரேட்டர் நொய்டாவில் தொடங்கிய என்.பி.ஏ. அகாடமி, அங்கிருந்து ஆஸ்திரேலியா. 2020இல், இளம் வீரர்களைத் தயார்படுத்த ஜி-லீக் அமைத்த இக்னைட் அணி அவரை எடுத்தது. உடன் ஆடியவர்களில் ஜேலன் கிரீனும் ஜொனாதன் குமிங்காவும் மறு ஆண்டு டிராப்டில் இரண்டாவதாகவும் ஏழாவதாகவும் எடுக்கப்பட்டார்கள். பிரின்ஸ்பாலுக்குக் களத்தில் கிடைத்தது சொற்ப நிமிடங்கள். 2021 கோடைக்கால லீக்கில் பட்டம் வென்ற சாக்ரமென்டோ அணியில் இருந்தார் என்ற பெருமை மிஞ்சியது. சத்னாமுக்கு நடந்ததன் சாயல் இதில் தெரிகிறது அல்லவா? பயிற்சிக்கூடத்திலிருந்து நேராக மிகப்பெரிய மேடைக்கு ஏற்றினால், உட்கார பெஞ்ச்தான் கிடைக்கிறது. அதற்குப் பதிலாக ஜப்பான், பிலிப்பைன்ஸ், நியூசிலாந்து, ஐரோப்பாவின் கீழ்நிலை லீக் என்று எங்கேயாவது ஓர் அணியில் ஆட்டத்துக்கு இருபத்தைந்து நிமிடம் ஆடும் இடத்தைத் தேடுவதே நம் வீரர்களுக்கு நல்லது.

வீட்டில் உயரமான பிள்ளை இருந்து, அதனால் இந்தக் கேள்வி எழுந்திருந்தால், எனக்குத் தெரிந்த சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். உயரம் இருக்கிறது என்பதற்காகக் கூடையடியில் நிறுத்திவிடும் பயிற்சியாளரிடம் பிள்ளையை விடாதீர்கள்; பந்தைத் தட்டிச் செல்லவும், வெளியிலிருந்து எறியவும், பக்கவாட்டில் நகரவும் கற்றுத் தருபவரைத் தேடுங்கள். படிப்பை இரண்டாம் பட்சமாக்காதீர்கள். அமெரிக்கக் கல்லூரி உதவித்தொகை கிடைக்க வேண்டுமானால் ஒன்பதாம் வகுப்பு முதலே ஆங்கிலம், கணிதம், அறிவியல் மதிப்பெண்கள் கணக்கில் வரும். பன்னிரண்டாம் வகுப்பில் விழித்துக்கொண்டால் தாமதம். இங்கேயே இருந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி, பிறகு அலுவலக அணி என்பது இன்றும் நம்பத்தகுந்த வழி. ஆனால் இடங்கள் குறைவு. மாநில அணியில் ஆடிய சான்றிதழ் இல்லாமல் பெரும்பாலும் கதவு திறக்காது. உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ தரும் புரதப் பொடியையும் ஆற்றல் மாத்திரையையும் வாயில் போடுவதற்கு முன், அதன் ஒவ்வொரு சேர்மானத்தையும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சேர்மானம் முழுதும் அச்சிடப்படாத டப்பாவை வாங்கவே வேண்டாம். ஆட்டத்தில் உங்கள் பிள்ளை எத்தனை நிமிடம் களத்தில் இருக்கிறான் அல்லது இருக்கிறாள் என்பதை ஒவ்வொரு பருவத்திலும் குறித்து வையுங்கள். புகழ்பெற்ற அணியின் பெஞ்சில் ஓராண்டு உட்காருவதைவிட, பெயர் தெரியாத அணியில் முழு ஆட்டம் ஆடுவது இருபது வயதுக்குள் பல மடங்கு பயன் தரும்.